யார் பேரில் பற்று?

புக்கிட் ரோத்தானில் சாலையோரத் தமிழ்க் கடை ஒன்று. பசியாறும் நேரம். எதிரே உட்கார்ந்திருந்த தம்பி ரொட்டி சானாயை ஆறவிட்டுக் கைப்பேசியை என் பக்கம் திருப்பினான்.

"அண்ணே, இதக் கொஞ்சம் பாருங்க. நம்பலாமா?"

திரையில் துபாயின் உயரக் கட்டடம். அதன் மேல் மஞ்சள் எழுத்தில்: கிடங்கு உதவியாளர். ஆண், பெண் இருபாலரும். அனுபவம் தேவையில்லை. மாதம் 8,000 ரிங்கிட். தங்குமிடம், சாப்பாடு இலவசம். மூன்று நாளில் விசா. எல்லாவற்றுக்கும் கீழே, மற்ற எழுத்தில் பாதி அளவுக்கு ஒரு வரி: கோப்புச் செலவு 1,850 ரிங்கிட் மட்டும். கம்பெனி துபாயில், பேச வேண்டிய கைப்பேசி எண் மலேசியாவில்.

"காசு கட்டிட்டியா தம்பி?"

"இன்னும் இல்லண்ணே. வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டணுங்கிறாங்க. அம்மா சங்கிலிய அடகு வச்சுத் தரேன்னாங்க."

அவனுக்கு 23 வயது. அப்பா குலை வெட்டியவர். முதுகு போய் வீட்டோடு இருக்கிறார். அம்மா இன்னும் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறார். இவன் வெல்டிங் படித்து எஸ்கேஎம் திறன் சான்றிதழ் வாங்கி, ரவாங் பக்கம் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறான். இணைய வேலைத் தளம் ஒன்றில் தன் விவரங்களை ஏற்றி இரண்டு வாரம்தான் ஆகிறது. அதற்குள் இந்த அழைப்பு. வந்தது அந்தத் தளத்தின் வழியாக அல்ல, வாட்ஸ்அப்பில்.

"தோட்டத்துக் கடையில பற்று எழுதுவாங்களே, கேள்விப்பட்டிருக்கியா?" என்றேன்.

"பாட்டி சொல்லியிருக்காங்கண்ணே."

அந்தக் கடைகளில் ஒரு நீள நோட்டு இருக்கும். அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், பிள்ளைக்குப் பால்மாவு எல்லாம் அதில் ஏறும். சம்பள நாளில் கழியும். பக்கத்தின் தலையில் ஒரு பேர் இருக்கும். அந்தப் பேருக்கு உரியவர்தான் கட்ட வேண்டும். வெளிநாட்டு வேலைக்கும் அப்படி ஒரு நோட்டு உண்டு. விமானச் சீட்டு, விசா, மருத்துவச் சோதனை, ஏஜென்ட் கூலி என்று வரிசையாக அதில் ஏறும். இந்தச் செலவை யாரோ ஒருவர் ஏற்றுத்தான் ஆகவேண்டும். அது யார் பேரில் எழுதப்படுகிறது என்று பார்த்துவிட்டால், எதிரே நிற்பது வேலையா வலையா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். வளைகுடா வேலை தேடும் நம் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான். இதைச் சொல்லத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வெளியிலிருந்து யாரும் வரவேண்டியதில்லை. அவர்கள் குடும்ப வரலாற்றிலேயே அது இருக்கிறது.

தென்னமரத்துக்கு வந்த வழி

பெஸ்தாரி ஜெயா என்று 2007-இல் பெயர் மாற்றினார்கள். நம்மவர்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அதன் பக்கத்தில் இருக்கிறது தென்னமரம் தோட்டம். ஆங்கிலேயர் கால ஆவணங்களிலும் தமிழ்ப் பெயரோடே நிற்கும் தோட்டம். ஆன்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917-இல் இங்கே செம்பனை நட்டார். மலாயாவில் வணிகத்துக்காக உருவான முதல் செம்பனைத் தோட்டம் இது. மலாயா வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. அந்தக் கன்றுகளுக்குக் குழி வெட்டியவர்களின் பெயர் தோட்டத்து ஆள் பதிவேடான செக்ரோலில் மட்டும் இருந்திருக்கும்.

அவர்கள் கங்காணி மூலம் வந்தவர்கள். தோட்டத்தில் ஏற்கனவே வேலை செய்யும் ஒருவருக்கு உரிமம் கொடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். அவர் தன் ஊரில், தன் சாதிசனத்தில் ஆள் சேர்ப்பார். சேர்ந்தவர்கள் ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ முகாமில் தங்கிக் கப்பலேறுவார்கள். தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் கூலி. வந்தபிறகு, அந்த ஆள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குச் சில காசு சேரும். தலைக்காசு என்று அதற்குப் பேர்.

ஆரம்பத்தில் இந்தப் பயணத்தின் பற்று தொழிலாளி பேரில்தான் ஏறியது. ஊரில் வாங்கிய முன்பணம், கப்பல் காசு, வழிச் சாப்பாடு எல்லாவற்றையும் சம்பளத்தில் பிடித்தார்கள். கடன் தீராமல் தோட்டத்தை விட்டு நகர முடியாது. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். தோட்டக்காரர்கள் தங்களிடம் வேலை செய்வோர் எண்ணிக்கைக்கு ஏற்ப அதில் பணம் கட்டவேண்டும். ஆட்களைக் கொண்டுவரும் செலவு அதிலிருந்து போகும். 1910-இல் ஒப்பந்தக் கூலி முறையும் மலாயாவில் முடிந்தது. இதெல்லாம் இரக்கத்தில் செய்ததல்ல. ரப்பர் விலை ஏறியிருந்தது, ஆள் பற்றாக்குறை. இருந்தாலும் அன்றைக்கே சட்டம் ஒன்றை ஒப்புக்கொண்டுவிட்டது: ஆள் தேவைப்படுகிறவன்தான் ஆளைக் கொண்டுவரும் செலவையும் ஏற்கவேண்டும். 1938-இல் இந்திய அரசு மலாயாவுக்கு ஆள் அனுப்புவதையே நிறுத்தியது.

கங்காணியை நல்லவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு ஒரு முகம் இருந்தது. பொய் சொல்லியிருந்தால் அவர் வீடு எது, அண்ணன் தம்பி யார் என்று ஊருக்குத் தெரியும். இன்று தம்பியின் கைப்பேசிக்குள் இருப்பவருக்கு அதுவும் கிடையாது.

வீடு என்ற அவசரம்

வெளிநாட்டு வேலைக்கு ஓடும் இந்த அவசரத்தைப் பேராசை என்று சொல்கிறவர்கள் வட சிலாங்கூர் தோட்டங்களுக்கு ஒருமுறை போய்வர வேண்டும். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் 245 குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக இருபது வருடத்துக்கு மேல் போராடின. 2023-இல்தான் அவர்களுக்கான வீடமைப்புத் திட்டத்தைப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் தொடக்கிவைத்தார். மற்றத் தோட்டங்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தப் பேச்சே இன்னும் எழவில்லை. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 ரிங்கிட். அதை வைத்துக்கொண்டு வீட்டு முன்பணத்துக்குச் சேர்க்கும் ஒரு பிள்ளை, 8,000 என்ற எண்ணைப் பார்த்ததும் மனசு பதறாமல் என்ன செய்யும்?

அறிவிப்புப் பலகையும் பின்வாசலும்

வேலைத் தளங்களைக் குறை சொல்லி ஒதுக்கிவிட முடியாது. 1997-இல் மலேசியாவில் தொடங்கிய ஜாப்ஸ்ட்ரீட், 2000-இல் துபாயில் தொடங்கிய பைத், இந்தியாவின் நவுக்ரி நிறுவனத்தார் நடத்தும் நவுக்ரிகல்ஃப், பிறகு கல்ஃப்டாலண்ட், லிங்க்ட்இன் என்று ஒரு வரிசை இருக்கிறது. பட்டணத்தில் ஆள் தெரிந்தவனுக்கு மட்டும் கிடைத்த தகவல் இன்று ஈஜோக்கில் இருப்பவனுக்கும் அதே நொடியில் கிடைக்கிறது. விண்ணப்பிக்கக் காசு கிடையாது. ஆள் தேடும் கம்பெனிதான் தளத்துக்குக் காசு கொடுக்கிறது. சில தளங்கள் சுயவிவரம் எழுதித் தரக் காசு கேட்கும். அது தனிச் சேவை; அதை வாங்காவிட்டாலும் விண்ணப்பிக்கலாம்.

சிக்கல் பின்வாசலில். நம் விவரத்தை எல்லாரும் பார்க்கும்படி விட்டால், முதலாளி என்று சொல்லிப் பதிந்துகொண்ட யாரும் அதைத் திறக்கலாம். கைப்பேசி எண், படிப்பு, வயது, எந்த நாட்டுக்குப் போக ஆசை என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் கிடைக்கும். "உங்கள் விவரம் பார்த்தோம், தேர்வாகிவிட்டீர்கள்" என்று வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ பேச்சு வந்த உடனே நாம் தளத்தை விட்டு வெளியே வந்துவிட்டோம் என்று புரிந்துகொள்ளவேண்டும். இதற்கென்று தனி மின்னஞ்சல் ஒன்று தொடங்கி அதை மட்டும் கொடுப்பது நல்லது. மைகார்டு, பாஸ்போர்ட் படங்களைச் சுயவிவரத்தோடு ஏற்றவே கூடாது.

தம்பியிடம் கேட்டேன், "எந்த பொசிஷன்ல வெல்டிங் பண்ணுவேன்னு யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்லண்ணே. வயசு மட்டும் கேட்டாங்க."

எண்ணெய் எரிவாயுப் பணிக்கு வெல்டர் எடுக்கிற கம்பெனி முதலில் கேட்பது அதைத்தான். குழாயைச் சாய்த்து நிறுத்திச் சுற்றிலும் பற்றவைக்கும் 6ஜி சோதனையில் தேறியிருக்கிறாயா, எந்த உலோகம், எந்த முறை என்று கேட்பார்கள். சோதனைத் துண்டு வைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார்கள். நல்ல வெல்டரைக் கிடங்கில் பெட்டி தூக்க 8,000 ரிங்கிட் கொடுத்துக் கூப்பிடுகிறார்கள் என்றால், அங்கே தேவைப்படுவது அவன் கைத்தொழில் அல்ல.

சம்பளத்தையும் ஒருமுறை நிறுத்துப் பார்க்கவேண்டும். வளைகுடாவில் கத்தார் 2021 மார்ச்சில் குறைந்தபட்சச் சம்பளம் கொண்டுவந்தது. மாதம் 1,000 ரியால். உணவும் தங்குமிடமும் கம்பெனி தராவிட்டால் அதற்குத் தனியாக 300-உம் 500-உம். அந்த 1,000 ரியால் நம் காசில் சுமார் 1,100 ரிங்கிட்தான். கிடங்கு, துப்புரவு, காவல் போன்ற வேலைகளுக்கு நேபாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் ஆள் குவிகிற சந்தை அது. அனுபவம் வேண்டாத வேலைக்கு அங்கே கிடைப்பது நம் நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளத்தைவிடவும் குறைவாக இருக்கும். மலேசியனுக்கு மட்டும் ஏன் அதைப்போல ஏழு மடங்கு கொடுக்கப்போகிறார்கள்?

மலேசியர்களுக்கு வளைகுடாவில் நல்ல வேலையே இல்லை என்பதல்ல. சவூதி மருத்துவமனைகளில் நம் நாட்டுத் தாதியர் பல காலமாக வேலை செய்கிறார்கள். எண்ணெய்த் துறையில் ஆய்வாளர், வெல்டர், ரிக்கர்; விமானப் பணிப்பெண், சமையல் கலைஞர் என்று வாய்ப்புகள் இருக்கின்றன. பெரும்பாலும் கையில் சான்றிதழும் அனுபவமும் கேட்கும் வேலைகள். ஒரு தாதிக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். படிப்பு, பணி அனுபவம், தாதியர் வாரியப் பதிவு மூன்றையும் டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் மூல இடத்திலேயே கேட்டுச் சரிபார்க்கும். பிறகு ப்ரோமெட்ரிக் மையத்தில் தேர்வு. துபாய் என்றால் துபாய்ச் சுகாதார ஆணையமும், சவூதி என்றால் அந்த நாட்டுச் சுகாதாரச் சிறப்புத் துறைகளுக்கான ஆணையமும் உரிமம் தரவேண்டும். சான்றிதழ்களுக்குப் புத்ராஜெயாவில் வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவின் முத்திரை, அதன்மேல் அந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரை. மாதக்கணக்கில் இழுக்கும். மூன்று நாளில் விசா என்பவர் இதில் எதையும் செய்யப்போவதில்லை.

சட்டம் யார் பேரில் எழுதுகிறது

ஐக்கிய அரபு சிற்றரசுகளின் தொழிலாளர் சட்டம், 2021-இன் 33-ஆம் எண் ஆணை, 2022 பிப்ரவரி 2 முதல் நடப்பில் இருக்கிறது. ஆளெடுப்புச் செலவை நேராகவோ சுற்றிவளைத்தோ தொழிலாளியிடம் வாங்கக்கூடாது என்கிறது அதன் 6-ஆம் பிரிவு. சவூதிச் சட்டத்தின் 40-ஆம் பிரிவும் அழைத்துவரும் செலவு, தங்கும் அனுமதி, வேலை அனுமதி, முடிந்து திரும்பும் சீட்டு எல்லாவற்றையும் முதலாளி தலையில் வைக்கிறது. 1907-இல் மலாயாவில் தோட்டக்காரர் தலையில் வைத்த அதே பற்றுதான் இது. அந்த 1,850 ரிங்கிட்டை "கோப்புச் செலவு" என்றாலும் "திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை" என்றாலும், துபாய்ச் சட்டப்படி அதைத் தம்பி பேரில் எழுதவே கூடாது.

இங்கேயும் சட்டம் இருக்கிறது. தனியார் வேலைவாய்ப்பு நிறுவனங்கள் சட்டம் 1981-இல் வந்தது; அதன் திருத்தம் 2018 பிப்ரவரியில் நடப்புக்கு வந்தது. உரிமம் ஏ, பி, சி என்று மூன்று வகை. ஏ உரிமம் உள்நாட்டு வேலைக்கு மட்டும். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப பி அல்லது சி வேண்டும். கடை போட்டு, பெயர்ப்பலகை மாட்டி, ஏ உரிமத்தைச் சட்டகம் போட்டுச் சுவரில் தொங்கவிட்டிருப்பவர் உங்களைத் துபாய்க்கு அனுப்ப முடியாது. உரிம எண்ணைக் கேட்டு வாங்கித் தொழிலாளர் துறையிடம் சரிபார்ப்பது ஒரு தொலைபேசி வேலைதான். எண் கேட்டதும் கோபப்படுகிறவரிடம் மேலே பேச ஒன்றுமில்லை.

துபாய் வேலைக்கான ஆஃபர் கடிதமும் வெறும் கடிதத்தாள் அல்ல. அந்நாட்டு மனிதவள அமைச்சின் அமைப்பில் ஏறிய படிவம் அது. அதற்கு ஓர் எண் உண்டு. அமைச்சின் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். பிறகு போடும் ஒப்பந்தம் அந்த ஆஃபரோடு ஒத்துப்போகவேண்டும் என்பது 2016 முதல் விதி. சுதந்திர வணிக வட்டாரக் கம்பெனி என்றால் அந்த வட்டார ஆணையத்தில் கேட்கவேண்டும். "இப்போதைக்குச் சுற்றுலா விசாவில் வா, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்பது நிறையப் பேரை விழவைத்த பேச்சு. அனுமதியில்லாமல் ஆளை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு 2024 திருத்தப்படி ஒரு லட்சம் திர்ஹாம் முதல் பத்து லட்சம் வரை அபராதம். மாட்டினால் தொழிலாளியும் சேர்ந்துதான் நிற்கவேண்டிவரும்.

இதில் ஓர் எச்சரிக்கை. "காசே வேண்டாம், டிக்கெட்டும் நாங்களே" என்கிறவர் எல்லாரும் நல்லவர் இல்லை. 2022 செப்டம்பர் 24-இல் இந்திய வெளியுறவு அமைச்சு ஓர் அறிவிப்பு விட்டது: சமூக ஊடக விளம்பரங்கள் மூலமும் துபாயிலும் இந்தியாவிலும் இருக்கும் ஏஜென்ட்டுகள் மூலமும் தாய்லாந்தில் கணினி வேலை என்று இளைஞர்களைச் சேர்த்து, எல்லை தாண்டி மியன்மாரின் மியாவாடிக்குக் கொண்டுபோகிறார்கள் என்று. சுமார் 300 இந்தியர்கள், அவர்களில் 50 பேர் அளவில் தமிழர்கள் சிக்கியிருப்பதாக அன்றைய தமிழ்நாட்டு முதல்வர் மு.க. ஸ்டாலின் இந்தியப் பிரதமருக்கு எழுதினார். அக்டோபர் தொடக்கத்தில் 13 பேர் சென்னைக்குத் திரும்பினார்கள். அதே காலத்தில் மலேசியாவிலிருந்தும் பலர் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் இப்படிப் போய்ச் சிக்கினார்கள். இணைய மோசடி செய்யும் வேலையில் அடைத்து வைத்து, வெளியே போகவேண்டுமானால் டிக்கெட் காசு, தங்கிய காசு, "உன்னை வாங்கிய காசு" எல்லாம் கட்டு என்று வீட்டாரிடம் பணம் பறித்தார்கள். இலவசம் என்று சொன்ன டிக்கெட் அவர்கள் நோட்டில் முதல் நாளே அந்தப் பிள்ளை பேரில் ஏறியிருந்தது. அதனால் செலவை யார் கட்டுகிறார் என்று கேட்டதோடு நிற்காமல், பின்னால் அதை என்னிடம் வசூலிக்கமாட்டேன் என்று ஒப்பந்தத்தில் எழுதித் தருவாரா என்றும் கேட்கவேண்டும். டிக்கெட்டில் எந்த ஊர் என்பதையும் பார்க்கவேண்டும். துபாய் வேலைக்குப் பாங்காக் வழியாக ஒருவழிச் சீட்டு எதற்கு?

பணம் கட்டிவிட்டவர்கள் வெட்கப்பட்டு ஒளிக்கவேண்டாம். மோசடிப் புகாருக்கான 997-க்கு உடனே அழைத்தால் பணம் கைமாறும் முன் தடுக்க வழி இருக்கிறது. ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். காசு போடச் சொல்லும் வங்கிக் கணக்கு எண்ணைப் போலீசின் செமாக் மியூல் பக்கத்தில் முன்கூட்டியே தட்டிப் பார்க்கவும் முடியும்.

உண்மையான வேலை கிடைத்தவர்களுக்கும் ஒரு கணக்கு. இங்கே 2,500 ரிங்கிட் சம்பளக்காரருக்கு ஊழியர் சேமநிதியில் தன் பங்கு 275, முதலாளி பங்கு 325, மாதம் 600 சேர்கிறது. மூன்று வருடத்தில் 21,600, லாப ஈவு தனி. வளைகுடாவில் அது கிடையாது. துபாயில் வேலை முடிந்து வரும்போது பணிக்கொடை உண்டு. முதல் ஐந்து வருடத்துக்கு, வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அடிப்படைச் சம்பளம் என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. மொத்தம் 4,000 திர்ஹாமில் அடிப்படை 2,400 என்று எழுதினால் வருடத்துக்கு 1,680 கிடைக்கும். 1,200 என்று எழுதிவிட்டு மீதியைப் படி என்று போட்டால் 840 தான். ஒப்பந்தத்தில் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். சேமநிதியில் சொந்தமாகப் பணம் போட்டுக்கொண்டே இருக்க வழி இருக்கிறது. போகிறவர்கள் முதல் மாதத்திலிருந்தே அதைத் தொடங்கவேண்டும் என்பது என் ஆசை.

பக்கத்து லயம்

பசியாறியபின் தம்பி என்னைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனான். அவன் தாத்தா காலத்தில் தமிழ்க் குடும்பங்கள் இருந்த லயத்தில் இப்போது இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் இருக்கிறார்கள். அவர்கள் இங்கே வந்த செலவு யார் பேரில் ஏறியது என்பது உலகம் அறிந்த விவகாரமாகிவிட்டது. 2020 டிசம்பரில் அமெரிக்கச் சுங்கத் துறை, கட்டாய உழைப்பின் அடையாளங்கள் தெரிவதாகச் சொல்லி, சைம் டார்பி பிளாண்டேஷன் நிறுவனத்தின் பாமாயிலைத் தடுத்தது. வேலைக்கு வருவதற்காகத் தொழிலாளர்கள் ஏஜென்ட்டுகளிடம் கட்டியிருந்த பணத்தை, இருப்பவர்களுக்கும் போய்விட்டவர்களுக்குமாக அந்த நிறுவனம் திருப்பிக் கொடுத்தது. தொகை சுமார் 82 மில்லியன் ரிங்கிட். 2023 பிப்ரவரியில் தடை நீங்கியது. இப்போது எஸ்டி கத்ரி என்று பெயர் மாறியிருக்கும் அந்த நிறுவனத்தின் தோட்டங்களில் தென்னமரமும் ஒன்று. பெரிய கம்பெனி, வெளிநாட்டுச் சந்தை, அமெரிக்காவின் அழுத்தம் எல்லாம் கூடியதால் அந்தப் பற்று திரும்ப எழுதப்பட்டது. சின்னத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு அந்த யோகம் இல்லை.

தம்பி வீட்டுக்கு மூன்று வாசல் தள்ளி, வேலை முடிந்து வந்த வங்காளதேசத் தொழிலாளி ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். தம்பிக்குப் பழக்கமானவர். விஷயத்தைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், அட்டை கிழிந்த பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்துவந்தார். வங்காள எழுத்து. எண்கள்கூட எங்களுக்குப் புரியவில்லை. விரலை வைத்து மலாயில் சொல்லிக்கொண்டே போனார். இது ஊர் ஏஜென்ட்டுக்கு. இது டாக்கா ஏஜென்ட்டுக்கு. இது நிலத்தை ஒற்றிவைத்த வட்டி. ஒவ்வொரு மாதமும் அனுப்பிய பணத்துக்கு ஒரு கோடு கிழித்திருந்தார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கத்தில் பாதிவரை கோடுகள். அதற்குக் கீழே கோடு இல்லாத வரிகள்.

தம்பி குனிந்து அந்தப் பக்கங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாய், துலு சியாபா பாயார்?" முதலில் யார் காசு கட்டியது என்று கேட்டான்.

அவர் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"சாயா," என்றார். நான்தான்.